மறுபடியும் பினாங்கு: கப்பல் டூர் வாங்கலாமா, நாமே போகலாமா?

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் போகிறோம். நான், என் கணவர், எழுபதை நெருங்கும் என் அப்பா, அம்மா. பினாங்கில் கப்பல் காலை 9 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது. இரண்டு வருடத்துக்கு முன் இதே ஊரில் கப்பலிலேயே டூர் வாங்கினோம். நாலு மணி நேர டூரில் பாத்திக் துணிக் கடையிலும் சாக்லெட் கடையிலும் கழிந்ததுதான் அதிகம். கோயிலில் இருபது நிமிடம்கூட நிற்கவில்லை. இந்தத் தடவை அப்பாவுக்குக் கடாரம் பார்க்க ஆசை. கப்பல்காரர்களின் பட்டியலில் அது இல்லை. வெளியே வண்டி எடுத்துப் போனால் கப்பலை விட்டுவிடுவோமோ என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்யலாம்? (சிங்கப்பூர் வாசகி)

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஒன்பது மணி நேரம் கப்பல் நிற்கும் நாளில் இது நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். கப்பல்காரர்கள் விற்ற டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்கள் செலவில் அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். நாமாகப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும். அடுத்த ஊருக்கு டிக்கெட் நம் பணத்தில். கப்பல் டூருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் இந்த ஒரு உத்தரவாதத்துக்குத்தான்.

அந்த உத்தரவாதம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று பிரித்துப் பாருங்கள். கப்பல் வந்து நிற்கும் ஜார்ஜ் டவுன் நகரத்துக்குள் சுற்ற அது வேண்டவே வேண்டாம். ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறையில் இறங்கினால் கார்ன்வாலிஸ் கோட்டை கூப்பிடு தூரம். குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், அதைத் தாண்டிக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் நடந்தே பார்க்கலாம். இந்த வட்டாரத்தைப் பேருந்தில் ஏற்றிக் காட்டத் தலைக்கு இவ்வளவு என்று விற்கும் டூரைத்தான் போன தடவை நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். இரண்டாம் முறை போகிறவர் அதற்கு ஒரு காசு கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடாரம் வேறு கதை. இன்றைய கெடா மாநிலத்தில், ஜெராய் மலையடியில், மெர்போக் பக்கம் இருக்கிறது பூஜாங் பள்ளத்தாக்கு. தீவிலிருந்து பினாங்குப் பாலம் ஏறி, சுங்கை பட்டாணி வழியாகப் போக வேண்டும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 9 மணிக்குக் கப்பல் வந்தாலும் வரிசையில் நின்று வெளியே வர 10 ஆகும். பதினொன்றரைக்கு அங்கே. ஒன்றே காலுக்குக் கிளம்பினால் 3 மணிக்குள் படகுத்துறை. கப்பலுக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரம் 5 என்று வைத்தால், இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரம்தான் உங்களுடைய காப்பீடு. 'வழியில் இன்னொரு இடம்' என்று ஓட்டுநர் சொன்னாலும் அதைத் தொடாதீர்கள். கப்பல் நிற்பது ஏழு மணி நேரத்துக்கும் குறைவு என்றால் கெடாவை மறந்துவிடுங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

அங்கே என்ன இருக்கிறது என்பதையும் அப்பாவிடம் முன்பே சொல்லுங்கள், ஏமாந்துவிடக் கூடாது. கோபுரம் கிடையாது. புக்கிட் பத்து பஹாட் சண்டி (சண்டி என்றால் பழங்காலக் கோயில்) என்பது ஓடைக் கரையில் கருங்கல் அடித்தளம் மட்டும். குனிந்து பார்த்தால் கல்லில் தூண் நட்ட துளைகள் தெரியும். மேலே மரத்தூணும் கூரையும் இருந்து மக்கிப்போயிருக்கின்றன. பக்கத்திலேயே அருங்காட்சியகம். 1025-ல் ராஜேந்திர சோழன் கடல் கடந்து படை அனுப்பி, கடாரங்கொண்டான் என்று பட்டம் சூடிய ஊர் இந்த நிலப்பரப்புதான் என்று தெரிந்து நிற்பவருக்கு அந்த வெறுங்கல் போதும். கல் பாதையும் படிகளும் மழையில் வழுக்கும். அம்மாவுக்கு நல்ல செருப்பு வேண்டும்.

இப்போது வண்டி. கைபேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வாடகை வண்டியில் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். போக வண்டி கிடைக்கும். மெர்போக்கிலிருந்து திரும்ப வண்டி கிடைக்காமல் வெயிலில் நிற்பீர்கள். போக வர, காத்திருப்பு உட்பட, ஒரே வண்டியாகப் பேசுங்கள். கப்பல் டூர் தலைக்கு விலை. வாடகை வண்டி மொத்தத்துக்கு விலை. நாலு பேர் போகும்போது கணக்கு உங்கள் பக்கம் சாயும். மலேசியாவில் சுற்றுலா நடத்துபவருக்கும் வழிகாட்டிக்கும் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். பதிவு செய்யும்போதே உரிம எண்ணைக் கேளுங்கள். எண் தராதவரிடம் முன்பணம் தராதீர்கள். பாலக் கட்டணம், நெடுஞ்சாலைக் கட்டணம், கூடுதல் மணி நேரத்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வரட்டும். 'கடை நிறுத்தம் கிடையாது' என்ற வரியையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. உங்கள் கப்பல் வெள்ளிக்கிழமை நிற்கிறது என்றால் அருங்காட்சியகத்தின் நேரத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மழை கொட்டினாலோ கப்பல் தாமதமாக வந்தாலோ, தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்குப் போங்கள். தீவிலேயே இருக்கிறது. மேலே 513 படி. முடியாதவர்கள் அடிவாரக் கோயிலில் இருக்கலாம். இதற்குக் கிராப் போதும். பினாங்கு மலை ரயிலை மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். விடுமுறைக் கூட்டத்தோடு கப்பல் கூட்டமும் சேர்ந்து வரிசையில் நிற்கும். பாலிக் பூலாவ் டுரியான் பருவமும் அதுவே, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கப்பலுக்குள் விட மாட்டார்கள்.

கேள்வி: வெளி நிறுவனத்திடம் முழுப் பணம் கட்டி டூர் பதிந்தேன். வானிலை சரியில்லை என்று கப்பல் அந்தத் துறைமுகத்துக்கே போகவில்லை. 'நாங்கள் வண்டியோடு தயாராக இருந்தோம்' என்று பணத்தைத் தர மறுக்கிறார்கள். கப்பல் நிறுவனத்திடம் கேட்கலாமா? (கோலாலம்பூர் வாசகர்)

பதில்: டூர் பணத்தைக் கப்பல் நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லை. பயணத்திட்டத்தை மாற்றும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள், நீங்களும் சம்மதித்திருப்பீர்கள். அவர்களிடம் வாங்கிய டூராக இருந்தால் தானாகத் திரும்பியிருக்கும். ஆனால் கட்டணத்தில் துறைமுக வரி என்று தனியாக வாங்கியிருந்தால், போகாத துறைமுகத்துக்கு உரியதைத் திருப்பித் தருகிறார்களா என்று எழுதிக் கேளுங்கள்.

வெளி நிறுவனத்தோடு உங்களுக்கு என்ன எழுத்து இருக்கிறது என்பதே மீதி வழக்கு. 'கப்பல் வராவிட்டால் முழுப் பணம் திரும்பும்' என்று அவர்கள் விளம்பரத்திலோ குறுஞ்செய்தியிலோ இருந்தால் உடனே படம் எடுத்து வையுங்கள். நிறுவனம் மலேசியாவில் இருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அந்த எழுத்து இல்லையென்றால் ஒரு பகுதியாவது தரச் சொல்லி, அல்லது அடுத்த முறைக்கு மாற்றித் தரச் சொல்லிப் பேசிப் பார்ப்பதே நடைமுறை. இனிமேல் அந்த வரி இல்லாமல் பதியாதீர்கள். முன்பணம் சிறிதாகவும் மீதி கரையில் இறங்கிய பிறகும் இருக்கட்டும்.

கேள்வி: தாய்லாந்தின் பூகெட்டுக்குக் கப்பலில் மூன்றாவது முறை போகிறோம். கடற்கரையிலேயே படகு டூர் வாங்கினால் மலிவு என்கிறார்கள். சரியா? (ஜொகூர் வாசகி)

பதில்: மலிவுதான், ஆனால் கப்பல் பயணிக்கு ஒத்துவராது. பூகெட்டின் பாத்தோங் கடற்கரைப் பக்கம் கப்பல் கடலில் நங்கூரமிட்டால், சிறு படகில்தான் கரைக்கு வர வேண்டும். பல கப்பல்களில் டூர் வாங்கியவர்களுக்கே முதல் படகுகள். நீங்கள் கரை சேரும்போது காலைப் படகுகள் போயிருக்கும். அப்படியே வாங்கினாலும் தேசியப் பூங்காக் கட்டணம் சேர்த்தா, தனியா என்று கேளுங்கள். படகு டூர்கள் போகும் பீ பீ தீவின் மாயா வளைகுடா ஆகஸ்டு, செப்டம்பரில் மூடியிருக்கும். அப்போது விற்கும் டூரில் படகிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி.

கைபேசியையும் கவனியுங்கள். தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல், 5 மணிக்குள் வரச் சொல்லியிருந்தால், அந்த நேரத்தில் உங்கள் கைபேசி 4 என்று காட்டும். இறங்கும்முன் கைபேசியின் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு, கப்பலின் நேரத்தை வைத்துக்கொண்டு இறங்குங்கள்.