பால் விநியோகச் செயலிக்கு ஐயானிக்கா, கோட்லினா?

வணக்கம். ஓட்டுநருக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று என இரண்டு செயலிகள், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த இரண்டு பேர், மூன்று மாத அவகாசம், ஃபோன் திரை அணைந்திருக்கும்போதும் பால் வண்டியின் வழியைப் பதிவு செய்ய வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓட்டக்கூடிய ஐயானிக் போதுமா, ஆண்ட்ராய்டு செயலிகளை நேரடியாக எழுதும் கோட்லின் மொழி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவைத் தீர்மானிப்பது அந்தத் திரை அணைந்த நேரம்தான். கணக்கு, ரசீது எல்லாம் எதில் எழுதினாலும் ஓடும். ஆனால் 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னணியில் இருக்கும் செயலிக்கு இருப்பிடம் மணிக்குச் சில தடவைதான் கிடைக்கும். தொடர்ந்து வேண்டுமென்றால் அறிவிப்பைக் காட்டியபடியே ஓடும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் தேவை. ஐயானிக் வெப்வியூவுக்குள், அதாவது செயலிக்குள் இருக்கும் ஒரு உலாவிக்குள், ஓடுவதால் இதற்கு ஒரு ப்ளகினை, அதாவது ஃபோனின் வசதிகளோடு இணைக்கும் துணை நிரலை, நம்ப வேண்டும். நான் அப்படி நம்பிய ப்ளகின் புதிய ஆண்ட்ராய்டில் நின்றுபோனது. கடைசியில் அந்தப் பகுதியை நானே கோட்லினில் எழுதினேன். இரண்டு வாரம் போனது.

அதனால் ஓட்டுநர் செயலியை மட்டும் கோட்லினில் எழுதுங்கள். நிறுவனமே ஆண்ட்ராய்டு ஃபோன் கொடுப்பதாகச் சொன்னீர்கள், ஐபோன் கவலை அங்கே இல்லை. திரைகளும் நாலைந்துதான். வாடிக்கையாளர் செயலிக்கு ஐயானிக் தாராளமாகப் போதும். அதை ஐபோனுக்கு பில்ட் செய்ய ஒரு மேக் வேண்டும், இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. சில நிறுவனங்களின் ஃபோன்களில் பேட்டரி சேமிப்பு அமைப்பு கோட்லின் செயலியைக்கூட நிறுத்திவிடும். முதல் வாரமே வெறும் இருப்பிடப் பதிவை மட்டும் எழுதி, ஓட்டுநர்களுக்குக் கொடுக்கப்போகும் அதே ஃபோனில் ஒரு நாள் முழுக்க வண்டியில் வைத்துப் பாருங்கள்.