பலூனில் போகும் ஈரமானி: மலையகத்திலிருந்து வந்த கேள்விகள்

ஹட்டன் ஆசிரியை: பலூன் காற்றின் ஈரத்தை எப்படி அளக்கிறது?

டீச்சர், பலூனில் தொங்கும் ரேடியோசொண்ட் என்ற சிறு வானிலைக் கருவியில் மெல்லிய பாலிமர் படலம் இருக்கிறது. அது நீராவியை உறிஞ்சினால் அதன் கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறன், மாறும். அந்த மாற்றம் வானொலி அலையாகக் கீழே வரும். கடுங்குளிரில் படலம் மந்தமாகிவிடும். 15 கிலோமீற்றருக்கு மேலே நான் அதை எளிதில் நம்பமாட்டேன்.

நுவரெலியா விவசாயி: அப்போ எதை நம்புவீர்கள்?

கண்ணாடியை, அண்ணா. தை மாத விடியலில் கொழுந்தின் மேல் துகள் பனி படிகிறதே, அதே வேலைதான். சிறு கண்ணாடியைக் குளிர்வித்து, அதில் ஒளி பாய்ச்சி, படிந்த பனி கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்வார்கள். அப்போது கண்ணாடியின் வெப்பநிலையே உறைபனிப் புள்ளி, அதாவது காற்றின் நீராவி பனியாகப் படியும் வெப்பநிலை; அதிலிருந்து ஈரத்தைக் கணக்கிடலாம். உங்கள் ஊர் மூடுபனியில் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளுக்குச் சுமார் 20,000 நீர் மூலக்கூறுகள். 20 கிலோமீற்றர் உயரத்தில் நான்கு, ஐந்துதான். அங்கே கண்ணாடி சுமார் -85 பாகை செல்சியஸுக்குப் போகவேண்டும்.

தலவாக்கலை மாணவன்: சேர், மழை முகிலுக்குள் போனால் பலூன் நனையாதா?

நனையும் தம்பி, பெரிய தலைவலியே அதுதான். றப்பரிலும் கயிற்றிலும் ஒட்டிய ஈரம் மேலே போனபிறகு மெல்ல ஆவியாகும். கருவி அந்தப் பாதையிலேயே பின்னால் தொங்கிக்கொண்டு போவதால், பலூன் கொண்டுவந்த ஈரத்தை வானத்து ஈரம் என்று சொல்லிவிடும். அதனால்தான் நீளமான கயிறு. அதுவும் போதாது. பலூன் வெடித்து, கருவி கீழே இறங்கும்போது முதலில் சுத்தமான காற்றைத் தொடுவது கருவிதான். ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்த அளவுகள் ஒத்துப்போகாவிட்டால், மேல் உயரங்களில் இறங்கும்போது எடுத்ததையே நான் எடுத்துக்கொள்வேன்.

மாத்தளை வாசகி: இவ்வளவு சொற்ப நீருக்கு ஏன் இந்தப் பாடு?

அந்தச் சொற்பமும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும், அக்கா. அமெரிக்காவின் போல்டர் நகரில் 1980 முதல் இதை விடாமல் அளக்கிறார்கள். 2022 ஜனவரியில் தொங்கா கடலடி எரிமலை வெடித்தபோது அடுக்குமண்டலத்தில், அதாவது மழை முகில்களுக்கு மேலுள்ள காற்றடுக்கில், நீராவி ஏறத்தாழ 10 சதவீதம் கூடியது. பழைய அளவுகள் இல்லாவிட்டால் கூடியதை எதோடு ஒப்பிடுவது?

பண்டாரவளை வாசகர்: தோட்டத்தில் வெள்ளைப் பெட்டி விழுந்தால்?

பயப்படவேண்டாம், வெறும் கருவிதான். ஆனால் மின்கம்பியில் சிக்கியிருந்தால் கயிற்றைக்கூடத் தொடாதீர்கள். மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.