நங்கூரம் இழுபடுவதற்குக் காரணம் எடையா, கயிறா?

கேள்வி: என்னிடம் 18 அடி நீளமான பாய்ப்படகு ஒன்று உள்ளது. பெரும்பாலும் மட்டக்களப்பு வாவியில் ஓட்டுவேன். அண்மையில் பாசிக்குடாவில் 3 மீற்றர் ஆழத்தில் நிறுத்தியிருந்தபோது, பிற்பகலில் நங்கூரம் இழுபட்டுப் படகு கரைப்பக்கமாக ஒதுங்கிவிட்டது. 5 கிலோ எடையுள்ள நான்கு கை நங்கூரமும் 12 மீற்றர் நீலநிறப் பிளாஸ்ரிக் கயிறும் பாவிக்கிறேன். 10 கிலோ நங்கூரம் வாங்கலாமா?

பதில்: அந்தப் பணத்தைக் கயிற்றுக்கும் சங்கிலிக்கும் செலவிடுங்கள். சிறு படகின் நங்கூரம் தன் பாரத்தைவிட, அதன் அலகு (தரையைக் குத்தி இறங்கும் பகுதி) தரைக்குள் புதைந்து மணலைப் பற்றுவதனாலேயே படகை நிறுத்துகிறது. கயிறு தரையோடு ஒட்டிக் கிடையாக இழுக்கும்வரை அலகு மேலும் மேலும் ஆழப் புதையும். இழுவை மேல்நோக்கித் திரும்பியதும் அதே கயிறே நங்கூரத்தைக் கிளப்பிவிடும்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். நீரின் ஆழம் 3 மீற்றர். நீர்மட்டத்திலிருந்து அணியம் (படகின் முன்முனை) ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் உயரம். நம் கரையில் வற்றுப்பெருக்கு சிறியது என்றாலும் அதற்கென 40 சென்ரிமீற்றர் ஒதுக்கினால், மொத்தம் 4 மீற்றர். நீங்கள் விட்ட 12 மீற்றர் இதன் மூன்று மடங்கு மட்டுமே. படகில் ஆள் இருக்கும் பகற்பொழுதுக்கு ஐந்து மடங்கும், இரவுத் தரிப்புக்கோ காற்று வலுக்கும் வேளைக்கோ ஏழு மடங்கும் வேண்டும்; அதாவது இதே இடத்தில் முறையே 20, 28 மீற்றர். சற்று ஆழமான இடங்களையும் எண்ணி 40 மீற்றராக வாங்கிவிடுங்கள். கயிறு நீளும்போது படகு சுற்றும் வட்டமும் பெரிதாகும் என்பதால், பக்கத்துப் படகுகளிலிருந்து போதிய தூரம் விட்டே நிறுத்த வேண்டும்.

நீலக் கயிறு பொலிபுரொப்பிலீனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது நீரில் மிதக்கும், வெயிலில் விரைவில் நலியும். 10 மில்லிமீற்றர் நைலோன் கயிறு நீரில் அமிழும். அலை தூக்கும்போது நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். அதற்கும் நங்கூரத்துக்கும் இடையே 6 மில்லிமீற்றர் சங்கிலி 5 மீற்றர் சேருங்கள். ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள அச்சங்கிலி தரையில் கிடந்து இழுவையைத் தாழ்த்தும். முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) கயிறு உரசி அறுபடாமலும் காக்கும்.

நான்கு கை நங்கூரம் கற்பாரில் மாட்டிக்கொள்ளும், மணலில் பற்றாது. மணலுக்கும் வாவிச் சேற்றுக்கும் அகன்ற தட்டை அலகுகள் கொண்ட டான்போர்த் வகையே பொருத்தம். உங்கள் படகுக்கு 4 அல்லது 5 கிலோ போதும். சேற்றில் போட்டவுடன் இழுக்காமல் சில நிமிடங்கள் அமரவிடுங்கள். பாசிக்குடாவில் முருகைக்கல்லின் மேல் எதையும் போடாதீர்கள்; ஒரு நங்கூரம் உடைக்கும் முருகைக்கல் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் செல்லும். வெண்மணல் தெரியும் இடத்தைத் தேடிப் போடுங்கள்.

ஆனால் டான்போர்த்துக்கும் ஒரு குறை உண்டு. அது உங்களுக்கு நேர்ந்ததோடு தொடர்புடையது. காலையில் தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று வீசும்போது படகு நங்கூரத்துக்குக் கடற்பக்கமாக ஒதுங்கி நிற்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் எதிர்ப்பக்கம் திரும்பிக் கரையை நோக்கி இழுக்கும். அப்போது எந்த நங்கூரமும் பிடுங்கப்பட்டு மீண்டும் புதைய வேண்டியிருக்கலாம்; டான்போர்த் அப்படி மீண்டும் புதையத் தவறுவதுண்டு. ஆகவே நிறுத்தியதுமே கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் ஒரு தென்னையையும் ஒரு கட்டடத்தையும் குறித்துக்கொண்டு, காற்று திரும்பிப் படகு அமைந்தபின் மறுபடி இரு பொருள்களைக் குறியுங்கள். அவை ஒன்றிலிருந்து ஒன்று தொடர்ந்து விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது. உடனே கயிற்றை மேலும் விடுங்கள். அதற்குக் கயிற்றின் மறுமுனை படகில் இறுகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதைக் கரையை விட்டுப் புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள்.