எச்சரிக்கை வகுப்பறை வரை வருகிறதா?

கேள்வி: பல தீவு, கடலோர நாடுகள் சேர்ந்து குழந்தைகளைப் பேரிடரிலிருந்து காக்கத் திட்டமிட முடியுமா?

பதில்: முடியும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தியப் பெருங்கடலுக்கென்றே எச்சரிக்கை அமைப்பு வந்தது. இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் மற்ற கடலோர நாடுகளுக்கும் தகவல் அனுப்புகின்றன. கரீபியன் நாடுகள் ஆண்டுதோறும் 'கரீப் வேவ்' சுனாமி ஒத்திகை நடத்துகின்றன. பள்ளிகளும் அதில் சேர்கின்றன.

ஆசிரியையாக இருந்த எனக்கு, தலைநகருக்கு வந்த செய்தி வகுப்பறைக்கும் வருகிறதா என்பதில்தான் கவலை. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையை யார் தூக்குவது? பெயர் சொல்லத் தெரியாத மழலைக்கு அடையாள அட்டை உண்டா? அப்புறம், பெற்றோர் பள்ளிக்கு ஓடி வராமல் நேரே மேட்டுக்குப் போக வேண்டும். அதை முன்பே பேசி வைக்கவேண்டும். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளைப் பதிவுசெய்ய எல்லா நாடுகளும் ஒரே படிவம் வைத்துக்கொண்டால் தேடுவது எளிது. முதலில் அதைச் செய்யட்டும்.