பெர்குளோரேட் ஏறிய ரெசினைப் பாக்டீரியாவால் சுத்தம் செய்ய முடியுமா?

"குடிநீரிலிருந்து பெர்குளோரேட்டை எடுக்கும் ரெசின் (சின்னச் சின்னப் பிளாஸ்டிக் மணிகள்) நிரம்பிவிட்டால் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை, பாக்டீரியாவை வைத்துப் புதுப்பிக்கலாம்.

பெர்குளோரேட் ராக்கெட் எரிபொருளில் சேரும் உப்பு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ஹெண்டர்சன் நகரில் இருந்த ஆலைகளிலிருந்து கசிந்து, மீட் ஏரி வழியாகக் கொலராடோ ஆற்றில் கலந்தது. கலிஃபோர்னியா 2007-இல் குடிநீருக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம்.

ரெசின் மணிகள் பெர்குளோரேட்டைப் பிடித்துக்கொண்டு, தங்களிடம் இருந்த குளோரைடை விடும். நல்ல ரெசின் என்றால் பிடி உடும்புப்பிடி; உப்புக் கரைசலால் கழுவினாலும் லேசில் விடாது. அதனால்தான் பல இடங்களில் ஒரு தடவை பயன்படுத்தி எரித்துவிடுகிறார்கள்.

இங்கேதான் டெக்குளோரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் வருகின்றன. ஆக்சிஜன் இல்லாதபோது இவை பெர்குளோரேட்டைச் 'சுவாசிக்கும்'. சாப்பாட்டுக்கு அசிடேட் (வினிகர் அமிலத்தின் உப்பு) கொடுத்தால் போதும். பெர்குளோரேட் குளோரேட்டாகி, குளோரைட்டாகி, கடைசியில் சாதாரண குளோரைடும் ஆக்சிஜனும் ஆகிவிடும்.

சரி, மணியின் நுண்துளைக்குள் பாக்டீரியா நுழையுமா? பெரும்பாலும் நுழையாது, உருவம் பெரிது. சுற்றியுள்ள நீரில் கரைந்திருப்பதைத்தான் தின்னும். அங்கே அளவு குறையக் குறைய, மணிக்குள் இருப்பது மெல்ல வெளியே வரும். அந்த இடத்தில் குளோரைடு போய் உட்காரும். அதனால் வேகம் குறைவுதான். நைட்ரேட்டும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அது தீர்ந்த பிறகே பெர்குளோரேட் பக்கம் திரும்பும்.

அப்புறம், மணிமேல் படிந்த பாக்டீரியா வழவழப்பை அலசி, கிருமிநீக்கம் செய்த பிறகே குடிநீர்த் தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.