கபடி ஆட்டமும் நட்சத்திர விருந்தினரும்: கேமராவை எடுக்கும் முன் பேசி முடிக்க வேண்டியவை

கேள்வி: திண்டுக்கல்லில் கல்யாண போட்டோகிராஃபராக இருக்கிறேன். ஓர் ஈவென்ட் கம்பெனி, அடுத்த மாதம் நடக்கும் இரண்டு நாள் கபடிப் போட்டியையும், பரிசு கொடுக்க வரும் சினிமா நடிகரையும் படமெடுக்கக் கூப்பிடுகிறது. மொத்தம் 15,000 ரூபாய். "படம் எல்லாம் எங்களுக்கே" என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? என்னிடம் 24-70, 85 எம்எம் லென்ஸ்கள் இருக்கின்றன, போதுமா? படங்களை இன்ஸ்டாகிராமில் போடலாமா? இதைப் பிடித்துக்கொண்டே ஐபிஎல் வரை போக வழி உண்டா?

பதில்: ஒப்புக்கொள்ளலாம். ஆனால் "படம் எல்லாம் எங்களுக்கே" என்பது எதுவரை என்று எழுத்தில் வாங்கிய பிறகு. 15,000 ரூபாய் கட்டுமா, கட்டாதா என்பதே அதைப் பொறுத்ததுதான். போட்டி நடத்துபவர்களின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு இருநூறு படம் என்றால் அது ஒரு கூலி. அதே படம் ஸ்பான்சரின் ஃபிளெக்ஸ், காலண்டர், டிவி விளம்பரம் என்று சுற்றப்போகிறது என்றால் அது வேறு கணக்கு.

எடுத்தவனுக்குத்தான் காப்பிரைட் என்று நம் ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். பாதிதான் சரி. 1957-ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, படைத்தவரையே முதல் உரிமையாளர் என்கிறது. கூடவே விலக்கும் வைக்கிறது. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை காசு கொடுத்தவருக்கே. கல்யாண வேலையில் இது உங்களை உறுத்தியிருக்காது. ஊரார் வீட்டு ஆல்பத்தை வேறு யாரிடம் விற்கப்போகிறீர்கள்? விளையாட்டுப் படம் அப்படியில்லை. இன்று கல்லூரி அணியில் ரெய்டு போகும் பையன் நாளை புரோ கபடி ஏலத்தில் போனால், அவனுடைய பழைய படத்தைப் பத்திரிகைக்காரர்கள் தேடி வருவார்கள். எதுவும் எழுதிக்கொள்ளாமல் வேலையில் இறங்கினால், அந்தப் படத்தை அன்று விற்கப்போவது ஈவென்ட் கம்பெனிதான்.

எழுத்து எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. லின் கோல்ட்ஸ்மித் என்பவர் இசைக் கலைஞர்களைப் படமெடுத்துப் பெயர் வாங்கியவர். 1981-இல் பாடகர் பிரின்ஸை எடுத்த ஒரு படத்தை, 1984-இல் வேனிட்டி ஃபேர் இதழுக்கு 400 டாலருக்குக் கொடுத்தார். ஓவியர் ஆன்டி வார்ஹோல் அதைப் பார்த்து ஒரு படம் வரைய, இதழில் ஒரே ஒரு தடவை வெளியிட என்று நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. வார்ஹோல் சத்தமில்லாமல் அந்த ஒரே போட்டோவை வைத்து ஒரு வரிசையே செய்துவிட்டார். 2016-இல் பிரின்ஸ் இறந்தபோது அதில் இன்னொரு படம், அதே இதழ் நிறுவனத்தின் சிறப்பிதழ் அட்டையில் வந்தது; வார்ஹோல் அறக்கட்டளைக்குச் சுமார் பத்தாயிரம் டாலர் போனது, கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு காசும் இல்லை. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. அவர்கள் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு. ஆனாலும் 'ஒரே ஒரு தடவை' என்று 1984-இல் எழுதி வாங்காமல் விட்டிருந்தால், முப்பது வருடம் கழித்து அவர் எதைக் காட்டிப் பேசியிருப்பார்?

வக்கீல் பத்திரமெல்லாம் வேண்டாம். இப்படி எழுதி அனுப்புங்கள்:

"போட்டியையும் பரிசளிப்பு விழாவையும் இரண்டு நாள் படமெடுக்கக் கட்டணம் இவ்வளவு. படங்களின் காப்பிரைட் எனக்கு. நிறுவனம் தன் இணையதளம், சமூக ஊடகம், பத்திரிகைச் செய்தி ஆகியவற்றுக்கு ஓராண்டு பயன்படுத்தலாம். பேனர், விளம்பரம், ஸ்பான்சருக்குக் கொடுப்பது ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம். படத்தில் இருப்பவர்களின் சம்மதம் பெறுவது நிறுவனத்தின் பொறுப்பு. பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி படம் கொடுத்த 15 நாளில்."

லெட்டர்பேடில் அடித்து இருவரும் கையெழுத்துப் போடுவது உத்தமம். அதற்கு நேரமில்லை என்றால் மின்னஞ்சலில் 'சம்மதம்' என்ற பதிலையாவது வாங்குங்கள். போனில் "பார்த்துக்கலாம்ணே" என்பது பதில் ஆகாது. முழு உரிமையும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் தொகையை ஏற்றுங்கள், எத்தனை வருடம் என்று எழுதச் சொல்லுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. உரிமையை விற்ற பிறகும் "இது நான் எடுத்த படம்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆவது பிரிவின்படி உங்களிடமே இருக்கும்.

வசூலுக்கு ஒரு வழி. மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் சிறு தொழிலாக இப்போதே பதிந்து வையுங்கள், கட்டணம் இல்லை. பதிந்த குறு, சிறு தொழிலுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. வழக்குக்கெல்லாம் போக மாட்டீர்கள், தெரியும். பில்லின் அடியில் உத்யம் எண்ணும் இந்த ஒரு வரியும் இருந்தாலே சில அக்கவுன்டன்ட்களின் குரல் மாறும்.

இனி மைதானத்துக்கு வருவோம். உள்ளரங்கமா, திறந்தவெளியா என்று முதலில் கேளுங்கள். எப்படியிருந்தாலும் 70-200 எஃப் 2.8 லென்ஸ் ஒன்று வாடகைக்கு வேண்டும். ஆண்கள் ஆடும் மேட் (கபடி விரிப்பு) 13-க்கு 10 மீட்டர்தான். 400 எம்எம் பீரங்கியெல்லாம் கிரிக்கெட்காரர்கள் சமாச்சாரம். உங்கள் 85 எம்எம்மை யாருக்கும் இரவல் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் எஃப் 1.8 ஆக இருக்கும். லைட் குறைந்த அரங்கில் மேட்டின் மூலையில் உட்கார்ந்தால் அதுவே சோறு போடும். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். ஐஎஸ்ஓ 5000, 6400 என்று ஏறினால் ஏறட்டும். மணல்போல் நாய்ஸ் வந்தாலும் படம் விலைபோகும், கை கால் கலங்கினால் விலைபோகாது. ஃபிளாஷ் கூடவே கூடாது. ஆடுபவர் கண்ணில் பளிச்சென்று அடித்தால் நடுவர் உங்களை எழுப்பி அனுப்புவார், சரியாகவே.

எங்கே உட்காருவது என்பதில்தான் கல்யாணக்காரர்கள் திணறுவார்கள். மேடைக்கு முன்னால் நடுவில் நிற்கும் பழக்கம் இங்கே உதவாது. ரெய்டர் எதிராளி பக்கம் நுழையும்போது அவர் முகம் கடைசிக் கோட்டைப் பார்த்து இருக்கும். அந்தக் கோட்டுக்கு வெளியே, மூலையில், தரையோடு உட்கார்ந்தால் கண்ணும் பாட்டுப் பாடும் வாயும் நீட்டிய கையும் நேராகக் கிடைக்கும். முன்னால் டிஃபென்டர்களின் முதுகு மறைக்கும், போகட்டும்; மூலையில் நிற்பவர் கணுக்காலுக்குப் பாயும் அந்த நொடியில் முதுகுகள் விலகி ஒரு சந்து திறக்கும். போட்டியின் உண்மையான படம் இன்னொரு இடத்தில் இருக்கிறது: பிடிபட்ட ரெய்டர் நாலு பேரை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட விரலை நீட்டுவது. அதைக் கடைசிக் கோட்டிலிருந்து எடுத்தால் முதுகும் உள்ளங்காலும்தான் வரும். பக்கவாட்டில், நடுக்கோட்டுக்குச் சற்று தள்ளி இருந்தால் விரல், கோடு, பல்லைக் கடித்த முகம் மூன்றும் ஒரே படத்தில். ஆகவே முதல் பாதி 20 நிமிடம் மூலை, அடுத்த பாதி பக்கவாட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அறிய 1965 மே 25 அன்று நடந்த முகமது அலி, சோனி லிஸ்டன் குத்துச்சண்டைப் படத்தைப் பாருங்கள். விழுந்து கிடக்கும் லிஸ்டனைப் பார்த்து அலி கத்தும் அந்தப் படத்தை ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழுக்காக எடுத்த நீல் லைஃபருக்கு அப்போது வயது 22. அலியின் கால்களுக்கு நடுவே, எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தெரிவார். அவர் ஹெர்பி ஷார்ஃப்மன். அதே இதழுக்காக வந்த அனுபவசாலி. அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு.

ஒரு சில்லறை விஷயம், ஆனால் படத்தைக் கெடுக்கும். மேட்டுக்கு மேலே தொங்கும் விளக்குகள் பல, கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். 1/1000-இல் தொடர்ந்து அடித்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சளடித்தும் வரும். போட்டிக்கு முன் மேட்டின் வெள்ளைக் கோட்டைப் பத்துப் பதினைந்து படம் தொடர்ச்சியாக அடித்துப் பாருங்கள். நிறம் மாறினால் கேமராவில் ஆன்ட்டி-ஃபிளிக்கரைப் போடுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரையும் அணைத்துவிடுங்கள். சாதாரண கேமராக்களில் வேகமாக வீசும் கை வளைந்து தெரியும்.

படம் எடுத்தால் வேலை முடிந்தது என்பது கல்யாணக் கணக்கு. இங்கே பாதிதான். இடைவேளை ஐந்து நிமிடம். அதற்குள் நாலைந்து படத்தையாவது தேர்ந்தெடுத்து, சிறிதாக்கி, யார், எந்த அணி, யாருக்கு எதிராக, எங்கே, என்றைக்கு என்று கேப்ஷன் எழுதி அனுப்பத் தெரிந்தவரைத்தான் மறுபடி கூப்பிடுவார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே இரு அணிகளின் பெயர்ப் பட்டியலைச் சட்டை எண்ணோடு மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தப்பாகப் போன நல்ல படத்தைவிட, பெயர் சரியாகப் போன சுமார் படமே பத்திரிகை டெஸ்க்கில் இருப்பவருக்கு நிம்மதி.

நடிகர் விஷயம் இதைவிட எளிது, இதைவிட எரிச்சல். அவர் அரங்கில் இருக்கப்போவது பதினைந்து, இருபது நிமிடம். அதில் ஐந்து நிமிடம் பவுன்சர்களின் தோள்பட்டைதான் உங்களுக்குத் தெரியும். முந்தின நாளே நடிகரின் பிஆர்ஓவிடம் (மக்கள் தொடர்பாளரிடம்) பேசுங்கள்: கார் எந்த வாசலில் நிற்கும், மேடைக்கு எந்தப் பக்கம் ஏறுவார், கோப்பையை யார் கையில் கொடுப்பார், வீரர்களோடு குரூப் போட்டோ உண்டா. கோப்பை கை மாறும்போது மேடையிலிருக்கும் எல்லோரும் ஒரு கையைக் கொண்டு வந்து அதில் வைப்பார்கள். நடுவில் நடிகரின் முகத்தைக் கோப்பையே மறைக்கும். "சார், கொஞ்சம் கீழே பிடிங்க" என்று ஒரு தடவை உரக்கச் சொல்லும் துணிச்சல் உங்களுக்குக் கல்யாண மேடையிலேயே வந்திருக்கும், அதை இங்கே பயன்படுத்துங்கள். இங்கே ஃபிளாஷ் போடலாம். அவரோடு செல்ஃபி எடுக்க வேண்டாம். வேலைக்கு வந்தவர் ரசிகராக மாறுவதை பிஆர்ஓக்கள் மறப்பதில்லை.

நடிகர் படத்தில் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. காப்பிரைட் உங்களிடம் இருந்தாலும், அந்த முகத்தை வைத்து வியாபாரம் செய்யும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம், ரஜினிகாந்தின் பெயர், உருவம், பாணி ஆகியவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்த ஓர் இந்திப் படத் தயாரிப்பாளருக்குத் தடை போட்டது. பிறகு அமிதாப் பச்சன், அனில் கபூர் போன்றவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதே மாதிரி உத்தரவுகள் வாங்கினார்கள். விழாவுக்கு வந்தார், பரிசு கொடுத்தார் என்று செய்தியாகப் போடுவது வேறு. அதே படத்தை வெட்டி ஒரு நகைக்கடை போஸ்டரில் ஒட்டுவது வேறு. ஸ்பான்சர் அப்படிச் செய்துவிட்டால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வரலாம். மேலே எழுதச் சொன்னதில் 'சம்மதம் பெறுவது நிறுவனத்தின் பொறுப்பு' என்ற வரி அதற்குத்தான்.

இன்ஸ்டாகிராம்: உரிமை உங்களிடம் என்று எழுதியிருந்தால் போடலாம், கம்பெனி வெளியிட்ட பிறகு போடுவது மரியாதை. உரிமையை விற்றிருந்தால், 'என் வேலையைக் காட்ட மட்டும் பயன்படுத்துவேன்' என்று ஒரு வரி சேர்த்து வாங்குங்கள். உங்களுக்குத் தரும் அனுமதிப் பாஸில் ஏதாவது நிபந்தனை அச்சடித்திருந்தால் அதையும் படியுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் ஆடும் பிள்ளைகள் இருந்தால், பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்; அடிபட்டு அழும் படத்தைப் போடாதீர்கள்.

ஐபிஎல்? இப்போதைக்கு ஆசையை ஓரம் கட்டுங்கள். பெரிய கிரிக்கெட்டில் பாஸ் என்பது திறமைக்குக் கிடைப்பதல்ல, யாருக்காக வருகிறீர்கள் என்பதற்குக் கிடைப்பது. 2012-இல் இங்கிலாந்து அணி இங்கே வந்தபோது கெட்டி போன்ற போட்டோ நிறுவனங்களுக்கே பிசிசிஐ அனுமதி மறுத்தது. எதிர்ப்பாக ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி போன்ற ஏஜென்சிகள் அந்தத் தொடருக்குப் படம் தருவதை நிறுத்தின. தனி ஆள் உள்ளே நுழைய ஒரு பத்திரிகையோ ஏஜென்சியோ "எங்களுக்காக எடுக்கிறார்" என்று கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதத்தைத் தருமளவுக்கு ஓர் ஆசிரியருக்கு உங்களைத் தெரிய வேண்டும்.

அதற்கு வாய்ப்பு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் ஆட்டங்கள் நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்தில் நடந்திருக்கின்றன. முதலமைச்சர் கோப்பை, பல்கலைக்கழகத் தடகளம், மாவட்ட ஹாக்கி என்று கேமராவே வராத போட்டிகளும் நிறைய. அங்கே போய், கேப்ஷனோடு அன்று மாலையே மூன்று படத்தை மாவட்டச் செய்தியாளருக்கு அனுப்புங்கள். இலவசமாக வேண்டாம், சிறு தொகையாவது கேளுங்கள். ஒருமுறை சும்மா கொடுத்தவரிடம் மறுமுறை விலை கேட்க மாட்டார்கள். முகூர்த்த நாள் வேலையை இப்போது விட்டுவிடாதீர்கள். லென்ஸ் வாடகையை அதுதான் கட்டப்போகிறது.