சாப்பாட்டு நினைப்பு ஓயவே இல்லை, ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. உயரம் 160 செ.மீ., எடை 54 கிலோ. தை மாதம் நிச்சயதார்த்தம் என்பதால் இரண்டு மாதமாக டயட்டில் இருக்கிறேன். காலையில் பாலும் சர்க்கரையும் இல்லாத காபி, மதியம் வெள்ளரியும் கேரட்டும், இரவு இரண்டு சப்பாத்தி. சாயங்காலம் நாலு மணி ஆனால் பிரியாணி நினைப்புதான், வேலையே ஓடுவதில்லை. ரீல்ஸில் இதை ‘ஃபுட் நாய்ஸ்’ என்கிறார்கள். எடை குறைக்கும் ஊசி போட்டால் நின்றுவிடுமாம். நானும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு இப்போது தேவை காலையில் நாலு இட்லி.

நீங்கள் சொல்லும் வகை வீடியோக்களை நானும் பார்க்கிறேன். ஒரே பெண்ணுக்கு இரண்டு வேடம். ஒருத்தி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பாள். இன்னொருத்தி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் நின்று, “ஃப்ரிட்ஜில பாதி கேக் இருக்கு… இருக்குல்ல?” என்று நச்சரிப்பாள். அடுத்த ஷாட்டில் வயிற்றில் ஊசிப் பேனா, ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். துண்டுக்காரியைக் காணோம். நடிப்பு அருமைதான். ஆனால் லேப்டாப் பெண் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று மட்டும் காட்டவே மாட்டார்கள்.

நான் முதலில் கேட்பது அதைத்தான். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். கொஞ்ச நாளில் அவர்களுக்குப் பேச்செல்லாம் சாப்பாடு, கனவெல்லாம் சாப்பாடு. சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். அவர்களிடம் போனும் இல்லை, ரீல்ஸும் இல்லை. நாளுக்குக் கிடைத்தது சுமார் 1,570 கலோரி. நீங்கள் எழுதியிருப்பதைக் கூட்டிப் பார்த்தால் அதில் பாதிகூடத் தேறாது!

பட்டினி கிடந்தால் பசியைத் தூண்டும், வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறும், பசியை அடக்கும், கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் இறங்கும். சாப்பாட்டைத் தேடு என்று மூளை விரட்டத் தொடங்கும். பிரியாணி நினைப்பு நோய் இல்லை, உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து போனைத் திறந்தால், டயட் வீடியோவுக்கு அடுத்தே யாரோ தம் உடைத்து ஆவி பறக்கக் காட்டுவார். எதில் ஒரு நொடி கூடுதலாக நிற்கிறீர்களோ அதையே திரும்பத் திரும்பத் தள்ளிவிடுவதுதான் அந்தச் செயலியின் பிழைப்பு.

இன்னொன்று. இந்த வீடியோக்களைப் பார்த்தால், ‘நார்மலான’ ஆட்கள் சாப்பாட்டைப் பற்றி நினைப்பதே இல்லை என்று தோன்றும். காலைச் சாப்பாடு முடியும் முன்பே மதியம் என்ன குழம்பு என்று கேட்காத வீடு நம் ஊரில் உண்டா?

அதற்காக ஃபுட் நாய்ஸ் முழுக்கக் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் நினைப்பு விடாமல் துரத்துகிறவர்கள் உண்டு, உடல் பருமன் உள்ளவர்களில் குறிப்பாக. செமாகுளூடைடு, டிர்செபடைடு என்ற எடை குறைக்கும் ஊசிகளைப் போட்ட பிறகு மனது அடங்கியது என்று பலர் சொல்வதும் உண்மை. ஆனால் எடைக் குறைப்புக்கு அவற்றை பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு, இல்லாவிட்டால் 27 அல்லது அதற்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவையும் உள்ளவர்களுக்குத்தான் பொதுவாகத் தருகிறோம். உங்கள் பிஎம்ஐ 21. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் எல்லாம் முப்பது விநாடி வீடியோவில் வராது. செமாகுளூடைடு ஆய்வு ஒன்றில், ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில், அவர்கள் குறைத்திருந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு வாரம் மூன்று வேளையும் சாப்பிடுங்கள். ஒவ்வொரு வேளையும் பருப்பு, முட்டை, சுண்டல், தயிர், மீன் என்று ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும். நாலு மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை. தூக்கத்தைக் குறைக்காதீர்கள், தூக்கம் கெட்டாலும் பசி கூடும். டயட், சாப்பாட்டு வீடியோக்கள் வந்தால் ‘விருப்பமில்லை’ என்பதைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நினைக்கவே கூடாது என்று மல்லுக்கட்டாதீர்கள், இன்னும் கூடும். பெரும்பாலும் இதிலேயே பாதி அடங்கிவிடும்.

அடங்காவிட்டால் பொது மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு போன்ற சில மாத்திரைகளும் பசியைக் கூட்டும் என்பதால், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, யாருக்கும் தெரியாமல் அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்தாலோ, பேதி மாத்திரை போட்டாலோ இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். சாப்பாட்டில் விஷம் இருக்குமோ, தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம் திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு விஷயம். எண்ணச் சுழற்சி நோயாக (ஓசிடி) இருக்கலாம், அதற்குத் தனி சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரிடம் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி-மானஸ் சேவை அது. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.